தொட்டியில் குறைந்த தண்ணீர்

சர்க்கரை இருக்கிறது என்று சொல்லி அரசு மருத்துவமனையில் மாத்திரை எழுதிக் கொடுத்து ஒரு வாரம்கூட ஆகியிருக்கவில்லை. வீட்டில் மனைவிக்கு மட்டும்தான் தெரியும். வேலை பார்க்கிற பிளான்ட்டில் சொல்லவில்லை. கனரக வண்டி ஓட்டுகிறவனுக்கு உடம்பில் ஏதாவது இருக்கிறது என்று தெரிந்தால் முதலில் தூர ஓட்டத்திலிருந்து எடுப்பார்கள். அப்புறம் வண்டியிலிருந்தே எடுப்பார்கள். எனக்கு முன்னால் இரண்டு பேருக்கு அப்படி நடந்ததைப் பார்த்திருக்கிறேன்.

நான் ஓட்டுவது கான்கிரீட் லாரி. முதுகில் பெரிய உருளை சுற்றிக்கொண்டே போகுமே, அது. திண்டிவனத்துக்கு வெளியே புறவழிச்சாலையை ஒட்டி எங்கள் பிளான்ட் இருக்கிறது. ஜல்லி, மணல், சிமென்ட், தண்ணீர், கொஞ்சம் கெமிக்கல் எல்லாம் அங்கேயே அளந்து கலந்து உருளைக்குள் கொட்டிவிடுவார்கள். அது இறுகிப்போவதற்குள் வீடு கட்டுகிற இடத்துக்குக் கொண்டுபோய் இறக்கிவிட வேண்டும். இவ்வளவுதான் என் வேலை.

இந்த வேலையில் ஊரறிந்த திருட்டுத்தனம் ஒன்று உண்டு. கான்கிரீட் கொஞ்சம் கெட்டியாக இருந்தால் கொத்தனார்களுக்கு இழுத்துவிடக் கஷ்டம். "கொஞ்சம் தண்ணி வுடுப்பா" என்பார்கள். வண்டியிலேயே ஒரு தண்ணீர்த் தொட்டி இருக்கும். உருளை, கான்கிரீட் வழிந்து இறங்குகிற சரிவுத் தகரம் எல்லாவற்றையும் கழுவுவதற்காக. அதிலிருந்து ஒரு குழாய் உருளைக்குள்ளும் போகும். திறந்துவிட்டால் கான்கிரீட் இளகி ஓடும். வேலை சீக்கிரம் முடியும். ஆனால் அந்தத் தளம் பிறகு பலமாக நிற்காது. எல்லா டிரைவரும் இதைச் செய்திருக்கிறோம். நானும் செய்திருக்கிறேன். அதைத் தடுக்கத்தான் போன வருஷம் எங்கள் வண்டிகளில் கருவிகள் பொருத்தினார்கள்.

உருளையைச் சுற்றுகிற எண்ணெயின் அழுத்தத்தை ஒரு கருவி அளக்கும். கான்கிரீட் கெட்டியாக இருந்தால் சுற்றுவதற்கு அதிக பலம் வேண்டும், அழுத்தம் ஏறும். இளகினால் இறங்கும். தொட்டியிலிருந்து வெளியேறும் தண்ணீரை ஒரு மீட்டர் கணக்குப் பார்க்கும். வண்டி எங்கே நிற்கிறது, உருளை எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது, எல்லாம் வண்டியிலிருந்தே பிளான்ட் அலுவலகத்துத் திரைக்குப் போகும். தரம் பார்க்கிற பெண் ஒருத்தி அந்தத் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பாள். கோட்டக்குப்பத்திலிருந்து பஸ்ஸில் வருகிறவள், படித்து முடித்து வந்த முதல் வேலை. என் மகளைவிட இரண்டு மூன்று வயது மூத்தவளாக இருக்கலாம். நான் 'மேடம்' என்பேன். அவள் 'அண்ணா' என்பாள்.

அன்று விழுப்புரத்துக்கு லோடு. காணை போகிற சாலையில் ஒரு வீட்டுக்கு மேல்தளம். கணவன் மனைவி இரண்டு பேரும் வேலைக்குப் போகிற கிறிஸ்தவக் குடும்பம். பல வண்டிகள் அடுத்தடுத்துப் போக வேண்டிய வேலை. முதல் வண்டி போயிருந்தது. அடுத்தது நான்.

ஏறும்போதே வயிறு ஒரு மாதிரி இருந்தது. காலையில் வெறும் டீயோடு மாத்திரையைப் போட்டிருந்தேன். நெடுஞ்சாலையில் ஏறி ஊரைத் தாண்டியதும் வயிற்றைக் கையால் பிழிகிற மாதிரி பிடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினேன். ஒரு பெட்ரோல் பங்க் வந்தது. இண்டிகேட்டரைப் போட்டு உள்ளே திருப்பினேன். அங்கே நின்றவன் இரண்டு கையையும் ஆட்டிக்கொண்டு ஓடி வந்தான்.

"இந்த வண்டிய உள்ள வுடாத! போன தபா ஒர்த்தன் வந்து தரை பூரா சிமென்ட்ட ஒழுக வுட்டுட்டுப் பூட்டான்."

"அவசரம்ப்பா. பாத்ரூம் போவணும்."

"பூட்டிக்கீது. சாவி மேனேஜர்கிட்ட. ரிவர்ஸ் எடு, ரிவர்ஸ் எடு. பின்னாடி வண்டி நிக்குது."

எடுத்தேன். அடுத்த ஏரிக்கரை வரைக்கும் தாங்கும் என்று நினைத்தேன். தாங்கவில்லை.

ஓட்டிக்கொண்டிருக்கும்போதே நடந்துவிட்டது. நாற்பத்தாறு வயது. இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன். ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, கால் ஆக்சிலேட்டரில் இருக்க, அது நடந்துவிட்டது. காக்கிப் பேண்ட் சீட்டோடு ஒட்டியது. அந்த நாற்றம் கேபினுக்குள் எழுந்தபோது என்னை அறியாமல் கண்ணாடியை இறக்கிவிட்டு, யாராவது பார்க்கிறார்களா என்று பக்கத்தில் போகிற வண்டிகளைப் பார்த்தேன்.

ஏரிக்கரை ஓரம் வேலிக்காத்தான் புதர் அடர்ந்த இடத்தில் நிறுத்தினேன். உருளையை நிறுத்த முடியாது. அது தலைக்கு மேல் சுற்றிக்கொண்டே இருந்தது. வண்டிக்கு மறுபக்கமாக, பின் சக்கரத்தின் மறைவில் நின்று, தகரம் கழுவுகிற ஹோஸைப் பிடித்துத் திறந்தேன். தண்ணீர் வெயிலில் சூடேறி இருந்தது. என்னைக் கழுவினேன். சீட்டைக் கழுவினேன். கேபின் தரையைக் கழுவினேன். நாற்றம் போகவில்லை என்று தோன்றியது, மறுபடியும் கழுவினேன். நடுவில் ஒரு கல்லூரிப் பேருந்து வேகத்தைக் குறைத்துக் கடந்தது. சக்கரத்தோடு ஒட்டிக் குந்திக்கொண்டேன். ஜன்னலோரம் இருந்த பிள்ளைகள் உருளையைத்தான் பார்த்திருப்பார்கள். ஆனால் அந்த நேரத்தில் அப்படித் தோன்றவில்லை.

பேண்ட்டைப் புதருக்குள் எறிந்தேன். கேபினில் மாற்று லுங்கி ஒன்று இருந்தது. கட்டிக்கொண்டு கிளம்பினேன். தொட்டியில் மீட்டர் இருக்கிறது என்ற நினைப்பே வரவில்லை.

மீட்டருக்கு இருந்தது. தொட்டியிலிருந்து எவ்வளவு தண்ணீர் வெளியேறியது என்று அதற்குத் தெரியும். அது உருளைக்குள் போனதா, ஹோஸ் வழியாக வெளியே போனதா என்று தெரியாது. இரண்டு குழாயும் மீட்டரைத் தாண்டித்தான் பிரிகின்றன. நான் விழுப்புரம் போய்ச் சேர்வதற்குள், அனுமதி இல்லாத இடத்தில் வண்டி நின்றதும், நாற்பது லிட்டருக்கு மேல் தண்ணீர் குறைந்ததும் திரையில் சிவப்பாக வந்து, பிளான்ட் இன்சார்ஜ் கான்ட்ராக்டருக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டார்.

வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தியபோது கான்ட்ராக்டர் எனக்காகக் காத்துக்கொண்டிருந்தார். வீட்டுக்காரரும் அவர் மனைவியும் பக்கத்தில் நின்றார்கள். தளம் போடுகிற நாள் என்பதால் சொந்தக்காரர்கள் கொஞ்சம் பேர் வந்திருந்தார்கள். மேலே கொத்தனார்கள் பாதி வேலையில் நின்று எட்டிப் பார்த்தார்கள்.

"யோவ், வழியில எங்க நிறுத்தின?"

நான் கேபினிலிருந்து இறங்கினேன்.

"ஏரிக்கரையில நிறுத்தி லோடுல தண்ணி வுட்டுக்கினு வர்ற. அங்க மிஷின் காட்டிக் குடுத்திடுச்சு. சொல்லு, விட்டியா இல்லியா?"

இல்லை என்று சொன்னால் அடுத்த கேள்வி என்னவென்று எனக்குத் தெரியும். அப்போ தண்ணி எங்கே போச்சு? அந்தக் கேள்விக்கான பதிலை அந்தக் கூட்டத்தின் நடுவில், ஈரச் சட்டையோடும் லுங்கியோடும் நின்று சொல்கிற மாதிரி நினைத்துப் பார்த்தேன்.

"விட்டேன் சார்" என்றேன்.

அது எவ்வளவு சுலபமாக வந்தது என்பது இன்றும் எனக்கு ஆச்சரியம். தண்ணீர் விடுவது எல்லா டிரைவரும் செய்கிற தப்பு. அதை ஒப்புக்கொண்டால் திட்டுவார்கள், சம்பளத்தில் பிடிப்பார்கள், அவ்வளவுதான். சின்னப் பிள்ளை மாதிரி துணியிலேயே போய்விட்டேன் என்பதை எந்த டிரைவரும் ஒப்புக்கொண்டு நான் கேட்டதில்லை.

கான்ட்ராக்டரின் ஆள் ஒருவர் கூம்பு வைத்துப் பார்க்கலாம் என்றார். அந்தத் தகரக் கூம்பில் கான்கிரீட்டை நிரப்பித் தூக்கினால் எவ்வளவு சரிகிறது என்று தெரியும், அதை வைத்துப் பதம் சொல்வார்கள். வைத்தார்கள். சரியாகத்தான் இருந்தது. "நல்லாத்தான் கீது சார்" என்று அவர் இழுத்தார்.

"அவனே விட்டேன்றான். அப்பறம் இன்னா கூம்பு?" என்றார் கான்ட்ராக்டர்.

வீட்டுக்காரர் மெல்லிய குரலில், "எங்களுக்கு வேணாங்க. திருப்பி அனுப்பிடுங்க" என்றார். அவர் மனைவி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வெயிலில் நான் வேர்த்து நடுங்கியது அவர் கண்ணுக்குப் பட்டிருக்க வேண்டும். "தண்ணி குடிக்கிறீங்களா?" என்று கேட்டார். கான்கிரீட்டில் தண்ணீர் விட்டவனிடம் கேட்கிற கேள்வி என்பதால் மேலே நின்ற கொத்தனார் ஒருவர் சிரித்துவிட்டார். நான் வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு வண்டியைத் திருப்பினேன்.

அந்த லோடு முழுவதையும் பிளான்ட்டுக்குப் பின்னால் இருக்கிற குழியில் கொட்டினார்கள். நல்ல கான்கிரீட். கொட்டும்போது நானும் நின்று பார்த்தேன். அங்கேயாவது வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. என் லோடுக்குப் பதிலாக அனுப்பிய வண்டி போய்ச் சேர்வதற்குள் முதலில் போட்ட பாதி இறுக ஆரம்பித்துவிட்டது என்று அப்புறம் கேள்விப்பட்டேன்.

வீட்டில் பேண்ட் எங்கே என்று மனைவி கேட்டாள். உருளை ஏணியில் மாட்டிக் கிழிந்துவிட்டது, தூக்கிப் போட்டுவிட்டேன் என்றேன். மாத்திரையை அன்றோடு நிறுத்தினேன். அவளுக்குத் தெரியாமல் தினம் ஒன்றாக எடுத்து வாய்க்காலில் போட்டேன்.

மறுநாள் காலை தரம் பார்க்கிற பெண் என்னை அலுவலகத்துக்குக் கூப்பிட்டாள். தனியாகத்தான் இருந்தாள். திரையை என் பக்கம் திருப்பினாள்.

"அண்ணா, இந்தக் கோட்டப் பாருங்க. இது உங்க டிரம் பிரஷர். இங்கதான் நீங்க ஏரிக்கரையில நிக்கிறீங்க. தண்ணி உள்ள போயிருந்தா இந்த இடத்துல கோடு கீழ விழணும். விழவே இல்ல. நேரம் போகப் போக லேசா ஏறிக்கினுதான் போவுது. டிரம் வேகமும் கூட்டல. தண்ணி ஊத்துனா வேகமா சுத்திக் கலக்கணுமில்ல?"

"மிஷின் தப்பா காட்டும் மேடம்."

"மிஷின் தப்பா காட்டல. நீங்கதான் தப்பா சொல்லியிருக்கீங்க." அவள் கோபமாகப் பேசவில்லை. புரியாமல் கேட்டாள். "செய்யாதத ஏன்ணா செஞ்சேன்னு சொன்னீங்க? தண்ணி எங்க போச்சு?"

நான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு பச்சைக் கோடு. நான் புதருக்குப் பக்கத்தில் குந்திக்கொண்டிருந்த நேரம் முழுவதும் அந்தக் கோட்டில் இருந்தது. நான் அழுததுகூட அதில் எங்காவது பதிந்திருக்குமோ என்று ஒரு பைத்தியக்கார எண்ணம் வந்தது.

"வயிறு சரியில்ல மேடம்" என்றேன். "வண்டியிலயே... கழுவினேன்."

அவளுக்குப் புரிய ஒரு கணம் ஆனது. புரிந்ததும் திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். என்னைப் பார்க்கவில்லை. அது அவள் செய்த உதவி.

"சரிண்ணா. நீங்க தண்ணி விடலன்னு மட்டும் இன்சார்ஜ்கிட்ட நான் சொல்லிடறேன். வேற எதுவும் சொல்லல" என்றாள்.

அவள் சொன்னபடியே செய்தாள். ஆனால் இன்சார்ஜ் விடுகிற ஆள் இல்லை. எல்லாத் தொட்டிக் குழாய்க்கும் பூட்டுப் போடப்போவதாகக் காலையிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தார். பூட்டுப் போட்டால் டிரைவர்கள் கை கால் கழுவக்கூடத் தண்ணீர் இல்லை. என்னால் எல்லோருக்கும் பேஜாரு என்று கூட இருந்தவர்கள் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. வண்டிகள் வரிசையாக நிற்கிற இடத்துக்கு இன்சார்ஜ் வந்து, எல்லோர் முன்னிலையிலும் கேட்டார்.

"லோடுல வுடலன்னா தண்ணிய இன்னாய்யா பண்ண? ரோட்டுக்கு ஊத்தினியா? லோடு பூரா குழியில கீது. நான் மேல பதில் சொல்லணும். ஜல்தி சொல்லு."

அந்தப் பெண் பின்னாலேயே ஓடி வந்தாள். "சார், உள்ள பேசலாம் சார்" என்றாள். அவர் கேட்கவில்லை. வேறு வழி இல்லாமல் சொன்னேன்.

"வயித்தால பூடுச்சு சார். பேண்ட்டுலயே. கழுவினேன்."

யாரும் சிரிக்காமல் இருந்திருக்கலாம். முதலில் சிரித்தவர் இன்சார்ஜ்தான். கெட்ட எண்ணத்தோடு இல்லை, எதிர்பார்க்காத பதில் வந்ததால் பொத்துக்கொண்டு வந்த சிரிப்பு. ஆனால் அவர் சிரித்ததும் எல்லோருக்கும் அனுமதி கிடைத்த மாதிரி ஆகிவிட்டது. ஒருவன் மூக்கைப் பிடித்தான். ஒருவன் என் தோளைத் தட்டி, "இதுக்காய்யா ஒரு லோட கொட்ட வுட்ட?" என்றான். சாயங்காலத்துக்குள் எனக்குப் பெயர் வைத்துவிட்டார்கள். 'வாட்டர் மீட்டரு.' இப்போதும் அந்தப் பெயர்தான். புதிதாகச் சேர்ந்தவர்கள் ஏன் என்று தெரியாமலே கூப்பிடுகிறார்கள்.

பூட்டுப் போடவில்லை. அந்தப் பெண் பேசிப் பேசி, ஒவ்வொரு வண்டிக்கும் தனியாக ஒரு தண்ணீர் கேன் வாங்க வைத்தாள். வழியில் அவசரமாக நிற்க வேண்டி வந்தால் ஒரு போன் போட்டால் போதும், காரணம் கேட்கக் கூடாது என்றும் சொல்ல வைத்தாள். என்னை வேலையை விட்டு எடுக்கவில்லை. மனைவிக்கும் விஷயம் போய்விட்டது. எங்கள் தெருவில் இன்னொரு டிரைவரின் வீடு இருக்கிறது. அவள் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. இரண்டு நாள் இரவில் சோற்றில் மோரை ஊற்றி வைத்தாள். அவ்வளவுதான். அவள் கேட்டிருந்தால்கூடக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

சில மாதம் கழித்து அதே வீட்டுக்கு மறுபடி லோடு போனது. முகப்பு போர்டிகோவுக்கு. வேறு யாரையாவது அனுப்பச் சொல்லி இன்சார்ஜிடம் கேட்டேன். அன்று ஆள் இல்லை.

கான்ட்ராக்டர் என்னைப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டார். கான்கிரீட்டை மேலே தள்ளுகிற பம்ப்பை மாட்டும்வரை கொஞ்ச நேரம் இருந்தது. வீட்டம்மா வெளியே வந்து, "உள்ள நிழல்ல வந்து நில்லுங்க தம்பி" என்றார். போனேன். பூச்சு வேலை அப்போதுதான் ஆரம்பித்திருந்தது. கூடத்தில் நின்று மேலே பார்த்தேன். தளத்தின் குறுக்கே, சுவருக்குச் சுவர், கறுப்பாக ஒரு கோடு ஓடியது. மழையில் ஈரம் இறங்கிய தடம். பாதியில் நின்று மறுபடி ஆரம்பித்த இடம். என் லோடு வந்து சேர்ந்திருக்க வேண்டிய இடம்.

"வீட்டுக்கு ஒண்ணும் ஆவாதுன்னு இன்ஜினியர் சொல்லிட்டாரு. மேல கெமிக்கல் அடிச்சிருக்காங்க" என்றார் அவர். பிறகு, "உங்க ஆபீஸ் பொண்ணு வந்துச்சு. இந்தக் கோடு ஏன் வந்துச்சுன்னு நாங்க சண்ட போட்டோம். அது செல்லுல கிராஃப் காட்டி, அன்னிக்கு வந்தது நல்ல லோடுதான், டிரைவர் தண்ணி விடலன்னு சொல்லிச்சு. அப்போ ஏன் விட்டேன்னு சொன்னாருன்னு கேட்டேன். அத மட்டும் சொல்ல மாட்டேன்னுடுச்சு" என்றார்.

நான் கோட்டையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"நான் கெவருமென்ட் ஆஸ்பத்திரியில சிஸ்டர்" என்றார். "அன்னிக்கே உங்க மூஞ்சப் பாத்தேன். உடம்புக்கு என்ன?"

"வயித்தால போச்சு சிஸ்டர்."

"சக்கர மாத்திரையா? புதுசா ஆரம்பிச்சீங்களா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆமாம் என்றேன்.

"அந்த மாத்திரை சில பேருக்கு மொதல்ல அப்படித்தான் பண்ணும். வெறும் வயித்துல போட்டீங்களா? நல்லா சாப்பிட்டுட்டுப் போடணும். தினம் இத நான் யாருக்காவது சொல்லிக்கினேதான் இருக்கேன்." பிறகு, "இப்ப ஒழுங்கா போடுறீங்களா?" என்று கேட்டார்.

நான் வாசலில் நின்ற வண்டியைப் பார்த்தேன். அவர் புரிந்துகொண்டார். முதல் தடவையாக அவர் குரலில் கோபம் வந்தது.

"நிறுத்திட்டீங்களா? யாரக் கேட்டு நிறுத்துனீங்க? இவ்ளோ பெரிய வண்டிய ரோட்டுல ஓட்டிக்கினு போறீங்க, கண்ணு இருட்டிக்கினு வந்தா என்ன பண்ணுவீங்க? என் வீட்டுக் கோடு போவட்டும். நாளைக்கே போய் டாக்டரப் பாருங்க."

வெளியே பம்ப் ஆள் கூப்பிட்டான். போய் லோடை இறக்கினேன். இறக்கி முடிகிறவரை அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. அன்று கூட்டத்தின் நடுவே நான் வாயைத் திறந்திருந்தால், அந்தக் கூட்டத்திலேயே என்னைப் பார்த்து ஆச்சரியப்பட்டிருக்காத ஒரு ஆள் பக்கத்தில்தான் நின்றிருக்கிறார். குடிக்கத் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டவரே அவர்தான்.

மருத்துவமனைக்குப் போனேன். சர்க்கரை முன்பைவிட ஏறியிருந்தது. டாக்டர் மாத்திரையை மாற்றிக் கொடுத்தார், சாப்பாட்டோடு போடச் சொன்னார். வயிறு ஒன்றும் செய்யவில்லை. இவ்வளவு சின்ன விஷயம். இன்சார்ஜிடமும் சொன்னேன். அவர் நான் பயந்த மாதிரி எதுவும் செய்யவில்லை. ரிப்போர்ட்டைக் கொண்டுவந்து காட்டு என்றதோடு சரி.

ஃபாதர் வந்து ஜெபம் பண்ணிப் புது வீட்டை மந்திரிக்கிற அன்று எங்களைக் கூப்பிட்டிருந்தார்கள். சிஸ்டரே போன் செய்து, கண்டிப்பாகக் குடும்பத்தோடு வரவேண்டும் என்றார். மனைவி புடவை எல்லாம் எடுத்து வைத்துவிட்டாள். எனக்கு அன்று டியூட்டி இருக்கிறது, நீ பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய் வா என்றேன். அவர்கள் போனார்கள். எனக்கு அன்று விடுமுறைதான். கூடத்துக்கு இப்போது வெள்ளையடித்திருப்பார்கள், கோடு தெரியாது என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் உள்ளே நுழைந்ததும் என் கண் மேலேதான் போகும் என்றும் தெரியும். வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு, அவர்கள் திரும்பி வருகிறவரை படுத்திருந்தேன்.

மனைவி வந்து, "சிஸ்டரு உன்ன கேட்டாங்க" என்றாள். "டியூட்டின்னு சொன்னேன். நம்பல போல."